மெதுவாக ஓடக் கட்டிய வண்டி: ராக் கிராலரின் வரலாறு

ராக் கிராலர் என்பது பாறைமேல் ஊர்ந்து ஏறுவதற்கென்றே கட்டப்படும் ரிமோட் கார். பெரும்பாலானவை அசல் வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ. வேகம் மனிதன் நடக்கும் வேகம். மற்ற ரிமோட் கார்கள் எல்லாம் இன்னும் வேகமாக ஓடப் பார்த்த காலத்தில், இந்த வகை வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையையும் பிடிப்பையும் வாங்கிக்கொண்டது. இது பிறந்த விதமும் வேறு. எந்தக் கம்பெனியும் திட்டமிட்டு இதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட ரிமோட் லாரிகளை அமெரிக்க ஆர்வலர்கள் பிரித்து, வேண்டிய பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தாங்களே வெட்டியும் துளைபோட்டும் செய்துகொண்டனர். அந்த வடிவம் கைப்பணியில் தேறிய பிறகே கம்பெனிகள் அதைப் பெட்டியில் போட்டு விற்றன.

அசல் பாறைகள்

பாறை ஏறும் ஆர்வம் முதலில் முழு அளவு வண்டிகளில்தான் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ ஜீப்புகளும், அதே அமைப்பில் பொதுமக்களுக்காக வந்த ஜீப்புகளும் அமெரிக்காவில் பரவின. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள ரூபிகான் பாதையில் 1953இல் முதல் ஜீப்பர்ஸ் ஜாம்போரி பயணம் நடந்தது. யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரில் அவ்வூர் வணிகச் சங்கம் 1967இல் ஈஸ்டர் ஜீப் சஃபாரியைத் தொடங்கியது. ரூபிகானின் கருங்கல் பாறைகளும் மோவாபின் செம்மணற்கல் சரிவுகளும் ஜீப் பிரியர்களுக்குப் பயிற்சிக்களங்கள் ஆயின. 1990களின் பிற்பகுதியில் இந்தப் பொழுதுபோக்கு, புள்ளிக் கணக்கு வைத்து நடத்தும் போட்டியாகவும் மாறியது.

இந்தப் பாதைகள் வண்டி கட்டுபவர்களுக்கு மூன்று பாடங்களைக் கற்றுக்கொடுத்தன. முதலாவது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்ட வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடும். தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லாக்கர் இந்தக் குறையைத் தீர்த்தது. இரண்டாவது, கியர் மிகத் தாழ்வானதாக இருக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சின் அணையாமல் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். மூன்றாவது, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மற்றொன்று பள்ளத்தில் இறங்கினாலும் நான்கும் தரையை விடாத அளவுக்கு சஸ்பென்ஷன் வளைந்துகொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மாடலாக ஜீப் கம்பெனி வெளியிட்ட ரேங்லர் ரூபிகான், முன்பின் இரண்டு ஆக்சிலிலும் லாக்கரும், 4:1 விகிதத் தாழ்கியரும் பொருத்தப்பட்டே ஷோரூமுக்கு வந்தது. பாதையில் பெற்ற பாடம் தொழிற்சாலைக்குள் நுழைந்ததற்கு அந்த வண்டியே சான்று. சின்ன வண்டிகளிலும் இதே மூன்று பாடங்கள்தான் அடித்தளம்.

வேகத்தின் பக்கம் போன ரிமோட் கார்

வானொலி அலையால் வண்டியை இயக்கும் எண்ணம் பழையது. நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கம்பியின்றி இயங்கும் சிறு படகை மக்கள்முன் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கடையில் வாங்கும் பொருளாக ரிமோட் கார் வருவதற்கு 1960கள் ஆயின. 1966இல் இத்தாலியின் எல்-ஜி கம்பெனி கொண்டுவந்த, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள ஃபெராரி 250 எல்எம் தொடக்க கால வண்டிகளில் ஒன்று.

இந்தத் துறையைப் பெரிதாக்கியது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா. 1946இல் மரத் தொழிலில் தொடங்கிப் பிறகு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறிய இந்தக் கம்பெனி, 1976இல் போர்ஷே 934 வடிவில் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. 1979இல் மணலில் பாயும் பக்கிகள் வந்தன. 1984இல் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் போன்ற மலிவான பக்கிகள் உலகெங்கும் பரவின. பந்தயம், குதிப்பு, வேகம் ஆகியவையே அந்தக் காலத்தின் அளவுகோல்கள்.

அதே டாமியாவின் பட்டியலில் எதிர்த்திசையில் ஒரு சிறு கிளையும் இருந்தது. 1981இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு உலோகச் சட்டம், லாரியில் உள்ளது போன்ற பட்டை ஸ்பிரிங், திடமான ஆக்சில், கையில் உள்ள ரிமோட்டிலிருந்தே மாற்றக்கூடிய மூன்று கியர்கள் எல்லாம் இருந்தன. 1982இன் பிளேசிங் பிளேசர், 1985இன் புரூசர், 1992இன் மவுண்டனீர் ஆகியவை அதே வழியில் வந்தவை. கனமாக, மெதுவாக, அசல் வண்டியின் இயக்கத்தையே சிறிதாக்கிக் காட்டிய இந்த லாரிகள்தாம், ரிமோட் வண்டிக்கு வேகம் கட்டாயமில்லை என்பதை முதலில் காட்டின.

கிராலருக்கு உடல் தந்த வண்டி வேறொன்று. 1987இல் டாமியா வெளியிட்ட கிளாட் பஸ்டர், ராட்சதச் சக்கரம் கொண்ட காட்சி லாரிகளைப் பார்த்துச் செய்தது. அதில் நடுவில் கியர்பாக்ஸ் கிடையாது. முன் ஆக்சிலில் ஒரு மோட்டார், பின் ஆக்சிலில் ஒரு மோட்டார். கியர்கள் அந்தந்த ஆக்சில் கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும். கண்காட்சிக்காகச் செய்த இந்த அமைப்பே பாறைக்கு வெகுவாகப் பொருந்தியது.

பிரித்துக் கட்டிய காலம்

1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதிவரை கிராலர் வேண்டுமென்றால் ஒருவர் அதைத் தானே கட்ட வேண்டும். கிளாட் பஸ்டரை வாங்கி, ஆக்சில்களைத் தவிர ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைப்பது வழக்கம். அலுமினியம் அல்லது கனமான பிளாஸ்டிக் தகட்டை வெட்டி இரண்டு பக்கச் சுவர்களாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஆக்சிலையும் நான்கு தண்டுகளால் அந்தச் சுவர்களோடு இணைப்பார்கள். கீழே இரண்டு நீளத் தண்டுகள், மேலே இரண்டு குறுந்தண்டுகள். தண்டின் இரு முனையிலும் பந்து மூட்டு இருப்பதால் ஆக்சில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தடைப்படாது. நடுவில் டிரைவ் ஷாஃப்ட் இல்லாததால் வயிற்றுப்பகுதி பாறையில் இடிக்காமல் உயரமாக நிற்கும்.

டிஃபரன்ஷியலைப் பூட்டும் வேலை அதைவிட எளிமையாக நடந்தது. கியர்களைப் பற்றவைத்தோ, எபாக்சி பசையை ஊற்றி இறுகவைத்தோ இரு சக்கரத்தையும் நிரந்தரமாக இணைத்துவிடுவார்கள். தார்ச்சாலையில் வளைவு திரும்ப அது இடைஞ்சல். பாறையில் அதனால் நட்டமே இல்லை. கிளாட் பஸ்டரின் சொந்த கியர் விகிதம் பாறைக்கு அதிக வேகமானது என்பதால் கூடுதல் குறைப்பு கியர்களைச் சேர்த்தனர். கடினமான டயர்கள் கல்லில் வழுக்கின; மென்மையான ரப்பர் டயர்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் கட்டைகளைக் கத்தியால் கீறி மேலும் நெகிழவைத்தனர்.

கிளாட் பஸ்டரின் உடல் பெரிது. சிறிய வண்டி விரும்பியவர்கள் 2000களின் தொடக்கத்தில் டாமியா கொண்டுவந்த டிஎல்டி-1 லாரியின் ஆக்சில்களை எடுத்துக்கொண்டனர். நடுவில் ஒரு மோட்டாரும் கியர்பாக்ஸும் வைத்து, இரண்டு டிரைவ் ஷாஃப்ட் வழியாக ஆக்சில்களுக்குச் சக்தி அனுப்பினர். இப்படி ஆக்சிலிலேயே மோட்டார் உள்ள குடும்பம், ஷாஃப்ட் உள்ள குடும்பம் என இரண்டு மரபுகள் பிரிந்தன. நண்பர்களுக்காகத் தண்டும் தகடும் செய்து கொடுத்தவர்கள் சிலர் அதையே விற்கத் தொடங்க, பொழுதுபோக்கைச் சுற்றி ஒரு சிறுதொழில் வளர்ந்தது.

போட்டியும் விதியும்

ஆளுக்கொரு அளவில் கட்டிய வண்டிகளை ஒன்றாகப் போட்டியிடச் செய்ய விதிகள் தேவைப்பட்டன. யுஎஸ்ஆர்சிசிஏ என்ற அமெரிக்கச் சங்கத்தின் விதிநூல் இந்தத் தேவையை நிறைவேற்றியது. சக்கர விளிம்பின் விட்டத்தை வைத்து 1.9 அங்குலம், 2.2 அங்குலம், அதற்கும் பெரிதான சூப்பர் என வகுப்புகள் அமைந்தன. 2.2 வகுப்பில் முன்பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம் 12.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

பாறைகளுக்கிடையே இரண்டிரண்டு குறிகளை நட்டு வாயில்கள் அமைப்பார்கள். நேர வரம்புக்குள், வரிசைப்படி அவற்றைக் கடக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் ஒரு புள்ளி, வாயிற்குறியைத் தொட்டால் பத்துப் புள்ளி எனத் தண்டம் ஏறும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். யார் முதலில் வந்தார் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. பாறையைப் பார்த்து எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதே ஓட்டுநரின் திறமை.

இந்தக் கணக்கு வண்டியின் வடிவத்தையும் மாற்றியது. ரிவர்ஸ் எடுக்காமல் குறுகலாகத் திரும்ப வேண்டும் என்பதால், பின் ஆக்சிலை அசையாமல் நிறுத்திவிட்டு முன் ஆக்சிலை மட்டும் இழுக்கவைக்கும் ஏற்பாடு வந்தது. ஆர்வலர்கள் இதை டிக் என்பார்கள். ஆக்சிலுக்கொரு மோட்டார் உள்ள வண்டியில் இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தினாலே டிக் கிடைத்துவிடும். ஷாஃப்ட் வண்டியில் கியர்பாக்ஸுக்குள் தனிப் பூட்டு வேண்டும். உச்சப் போட்டிகளில் ஆக்சில் மோட்டார் வண்டிகள் ஆதிக்கம் பெற்றதற்கு இது ஒரு காரணம்.

பெட்டியில் வந்த கிராலர்

கலிபோர்னியாவில் 2005இல் தோன்றிய ஆக்சியல் கம்பெனி, 2007இல் ஏஎக்ஸ்10 ஸ்கார்பியன் என்ற வண்டியை வெளியிட்டது. ஆர்வலர்கள் வீட்டில் கட்டிவந்த ஷாஃப்ட் வண்டியின் எல்லாக் கூறுகளும், அதாவது இரண்டு பக்கத் தகடுகள், நான்கு தண்டு இணைப்பு, பூட்டிய டிஃபரன்ஷியல், மென்மையான 2.2 அங்குல டயர் எல்லாம், அதில் ஒரே பெட்டிக்குள் வந்தன. பல பொம்மைகளைப் பிரிக்க வேண்டிய தேவை அத்தோடு ஒழிந்தது. அதையொட்டியே டாமியா சிஆர்-01ஐயும், லோசி கம்பெனி தன் போட்டிக் கிராலரையும் கொண்டுவந்தன. சில ஆண்டுகளில் ஆக்சியல், ஆக்சிலில் மோட்டார் வைத்த எக்ஸ்ஆர்10ஐயும் வெளியிட்டது. கிளாட் பஸ்டரிலிருந்து தொடங்கிய மரபு அதில் தொழிற்சாலை வடிவம் பெற்றது.

ஆனால் போட்டி வண்டி பார்வைக்கு எலும்புக்கூடு போல இருக்கும்; அதில் ஜீப்பின் சாயலே இராது. அசல் வண்டியைப் போன்ற தோற்றமும் வேண்டும், பாறையும் ஏற வேண்டும் என்று விரும்பியவர்களின் எண்ணிக்கை போட்டியாளர்களைவிட அதிகம். 2009இல் ஆக்சியல் வெளியிட்ட எஸ்சிஎக்ஸ்10 இவர்களுக்கானது. ஏணி வடிவச் சட்டம், 1.9 அங்குலச் சக்கரம், மேலே ஜீப் அல்லது பிக்கப் உடல் என்ற அமைப்பு இன்றுவரை இந்தத் துறையின் பொதுவடிவம். 2011இல் குழாய்க் கூண்டு உடலோடு ரெய்த் வந்தது. ஆர்சி4டபிள்யூடி போன்ற கம்பெனிகள் உலோகச் சட்டமும் பட்டை ஸ்பிரிங்கும் வைத்து அசலுக்கு இன்னும் நெருங்கின. பழைய புரூசருக்கே மீண்டும் கிராக்கி எழுந்ததால் டாமியா 2012இல் அதை மறுபடி வெளியிட்டது.

2017இல் டிராக்சாஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4 அடுத்த படியை வைத்தது. அதில் ரிமோட்டிலிருந்தே பூட்டவும் திறக்கவும் கூடிய டிஃபரன்ஷியல்கள், இரண்டு வேக கியர்பாக்ஸ், போர்ட்டல் ஆக்சில் ஆகியவை இருந்தன. போர்ட்டல் ஆக்சிலில் சக்கரத்தின் மையம் ஆக்சில் குழாயைவிடத் தாழ்ந்திருக்கும். இடையே சக்கரத்தருகே ஒரு சிறு கியர்ப்பெட்டி. யூனிமாக் லாரியில் புகழ்பெற்ற இந்த ஏற்பாட்டால் ஆக்சிலின் நடுப்பகுதி கல்லில் இடிப்பது குறைகிறது. கடைசிக் குறைப்பு சக்கரத்தருகே நடப்பதால், டிரைவ் ஷாஃப்ட் தாங்கும் முறுக்கமும் குறைகிறது.

செட்டிங் என்னும் கலை

பெட்டியில் வந்த வண்டியும் பாறைக்கு முழுதாகத் தயாரான வண்டி அல்ல. கிராலர் வரலாற்றின் பாதி, வாங்கிய வண்டியைத் திருத்திய கதைதான். அந்தத் திருத்தங்கள் ஒரு வரிசைக்குள் அடங்கும்.

முதலில் எடை. பக்கச்சரிவில் வண்டி கவிழும் கோணத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, புவியீர்ப்பு மையத்தின் உயரம். அகலம் 200 மில்லிமீட்டர், மையத்தின் உயரம் 80 மில்லிமீட்டர் என்றால், கோட்பாட்டளவில் வண்டி ஏறக்குறைய 51 பாகைவரை தாங்கும். உயரத்தை 60 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 59 பாகையாகும். ஆகவே எடையைச் சேர்ப்பதென்றால் கீழேதான் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் சக்கரத்துக்குள் ஈயப் பட்டைகளை ஒட்டினார்கள். பிறகு பித்தளையில் கடைந்த சக்கர வளையங்களும் ஸ்டியரிங் நக்கிள்களும் கடைக்கு வந்தன. ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, மொத்த எடையில் பாதிக்கு மேல் முன்னால் இருக்கும்படி பேட்டரியை முன் ஆக்சிலுக்கு மேல் நகர்த்துவதும் வழக்கமாயிற்று.

அடுத்தது டயர். கிராலர் டயரில் காற்று அடைப்பதில்லை. உள்ளே ஃபோம் இருக்கும், அழுந்தும்போது காற்று வெளியேறத் துளையும் இருக்கும். ஃபோம் முழுவதும் மென்மையானால் பக்கச்சரிவில் டயர் மடங்கும். முழுவதும் கடினமானால் கல்லைக் கவ்வாது. வெளியே மென்மை, உள்ளே உறுதி என்ற இரட்டை ஃபோம் இந்த இரண்டு குறையையும் சமன்செய்தது. டயரை விளிம்பில் பசையால் ஒட்டாமல் வளையமும் திருகும் வைத்து இறுக்கும் பீட்லாக் சக்கரம் பரவிய பிறகு, ஃபோமை மாற்றி மாற்றிச் சோதிப்பது எளிதாயிற்று.

மூன்றாவது சஸ்பென்ஷன். பின் ஆக்சிலின் மேல் தண்டு சேசிஸில் சேரும் இடத்தில் மேலும் கீழுமாகச் சில துளைகள் இருக்கும். தண்டைக் கீழ்த்துளைக்கு மாற்றினால், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் அமுங்குவது குறையும். அளவு மீறினால் செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கம் துள்ளத் தொடங்கும். ஒரு துளை மாற்றம் வண்டியின் நடத்தையையே மாற்றிவிடும் என்பதால், ஒரே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தே இது முடிவாகும். ஷாக்கின் ஸ்பிரிங்கை மிக மென்மையாக்கியோ நீக்கியோ வண்டியைத் தாழ உட்காரவைத்து, பள்ளம் வரும்போது சக்கரம் மட்டும் கீழே தொங்கும்படி செய்வதும் ஒரு வழி.

ஷாஃப்ட் வண்டிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஷாஃப்ட் சுழலும் விசையின் எதிர்விசையால் சேசிஸ் ஒரு பக்கமாகச் சாயும். தண்டுகளின் கோணத்தை மாற்றியும், குறைப்பைக் கூடியவரை ஆக்சிலுக்குள் நகர்த்தியும் இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்தினர். முன் ஆக்சிலைப் பின் ஆக்சிலைவிடச் சற்று வேகமாகச் சுற்றவைக்கும் ஓவர்டிரைவ் கியர்களும் இதே காலத்தில் பரவின. முன் சக்கரங்கள் வண்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதால் ஏற்றம் நேராகிறது, திருப்பம் குறுகுகிறது.

கடைசியாக கியரும் மோட்டாரும். நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும் மோட்டாரை 40:1 விகிதத்தில் குறைத்தால் சக்கரம் 300 சுற்று சுற்றும். டயரின் விட்டம் 120 மில்லிமீட்டர் என்றால் வண்டி மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். வேக நடைக்குச் சமமான இந்த அளவுதான் கிராலரின் உச்ச வேகம். பாறையில் அதன் சிறு பகுதியே பயன்படும்.

மின்சாரம் வகுத்த எல்லை

மெதுவாக ஓட்டுவது மின்சாரத்துக்குக் கடினமான வேலை. பழைய வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது சர்வோ என்ற சிறு மோட்டாரால் நகரும் ஒரு தொடுமுனையும் ரெசிஸ்டரும்தான். வேகம் சில படிகளாகவே மாறும். மிச்ச சக்தி சூடாகிப் போகும். மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்த பிறகே சக்கரத்தைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று எனச் சுழற்ற முடிந்தது. பந்தயத்துக்குக் குறைந்த சுற்றுக் கம்பி மோட்டார் ஏற்றதென்றால், கிராலருக்கு 35, 55, 80 எனக் கம்பிச் சுற்று கூடிய மோட்டார்கள் ஏற்றவை. அவை மெதுவாகச் சுற்றி, குறைந்த மின்னோட்டத்தில் அதிக முறுக்கம் தரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே பிரேக்காக மாறிச் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி, கிராலருக்கான கட்டுப்பாட்டுக் கருவியின் அடையாளம் ஆயிற்று.

பிரஷ் இல்லாத மோட்டார்கள் பந்தய வண்டிகளை எளிதில் கைப்பற்றின. கிராலரில் தயங்கியே நுழைந்தன. சென்சார் இல்லாதவை மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டுத் துடிக்கும். சுழலியின் நிலையை அறியும் சென்சார் வகைகளும், பிறகு மின்னோட்டத்தின் திசையைத் தொடர்ந்து கணக்கிட்டு இயக்கும் எஃப்ஓசி கருவிகளும் வந்தபோது அந்தத் தடை நீங்கியது. பேட்டரியிலும் மாற்றம் வந்தது. 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிகளுக்குப் பதிலாக எடை குறைந்த லித்தியம் பாலிமர் வந்ததால், மிச்சமான எடையைத் தாழ்வான இடத்தில் பித்தளையாகச் சேர்க்க முடிந்தது. 2000களின் நடுவில் 27, 75 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ரிமோட்டுகளுக்குப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தன. ஒருவர் ரிமோட் இன்னொருவர் வண்டியை அசைக்கும் தொல்லை தீர்ந்து, பலர் ஒரே பாறையில் ஒன்றாக ஓட்டும் வழக்கம் எளிதாயிற்று.

மீண்டும் மேசைக்கு

2018இல் ஆக்சியல், ஹொரைசன் ஹாபி கம்பெனியின் கைக்குப் போனது. வண்டிகள் சிறுத்தும் பெருத்தும் வந்தன: இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவுள்ள எஸ்சிஎக்ஸ்24 உள்ளங்கையில் அடங்கும், ஆறில் ஒரு பங்கு அளவுள்ள எஸ்சிஎக்ஸ்6ஐ இரு கையாலும் தூக்க வேண்டும். இதற்கிடையே வீட்டில் கட்டும் மரபும் புது வேகம் பெற்றது. எடையை இயன்றவரை தாழ்த்தும் சேசிஸ்களைக் கார்பன் ஃபைபர் தகட்டில் வெட்டியும், கியர்பாக்ஸ் தாங்கிகளை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்தும் ஆர்வலர்கள் புது வடிவங்களைச் சோதித்தனர். அவற்றில் தேறியவை வழக்கம்போல் கம்பெனிகளின் அடுத்த மாடல்களில் இடம்பெற்றன.

பூட்டிய டிஃபரன்ஷியல், நான்கு தண்டு சஸ்பென்ஷன், சக்கரத்தில் எடை, ஓவர்டிரைவ் என இன்றைய கிராலரின் முக்கியக் கூறுகள் பெரும்பாலும் முதலில் யாரோ ஒருவரின் வேலை மேசையில் பரிசோதிக்கப்பட்டவை. கம்பெனிகளும் இதை உணர்ந்தே நடக்கின்றன. உடனே ஓட்டத் தயாரான வண்டிகளோடு, மோட்டாரும் ரிமோட்டும் பேட்டரியும் இல்லாத உதிரிப் பெட்டிகளையும் அவை விற்கின்றன. மீதியை எப்படிக் கட்டுவது என்பதை வாங்குபவரே தீர்மானிக்கிறார்.